தேர்தல் முறை மீதான குறையை மனுவாக்குவது எப்படி: இராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு வழிகாட்டி

தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எந்தத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தாலும், தேர்தல் முடிவு வந்த பிறகு சில நாள்களுக்கு மூன்று கேள்விகள் காதில் விழும். பாதிப் பேருக்கு மேல் வேறு ஆளுக்கு ஓட்டுப் போட்டிருக்க, இவர் எப்படி வென்றார்? வேலைக்குப் போன பிள்ளைகளின் ஓட்டு ஏன் வீணாயிற்று? கோடிகளைக் கொட்டுகிறவரை யார் தட்டிக் கேட்பது? மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆயினும் அவற்றை அப்படியே தாளில் எழுதி அனுப்பினால், "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரிக்கு மேல் பதில் வராது. குறையை மனுவாக மாற்றும் வேலையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். 2024 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு எங்கள் ஊரில் ஐந்தாறு பேர் கூடி ஒரு மனு தயாரித்தோம். அதில் பதினான்கு கோரிக்கைகள் இருந்தன. அதைப் படித்த ஓர் அலுவலர் மூன்றாம் பத்தியில் விரலை வைத்தார். வாக்குப்பதிவு நாளன்று எங்கள் விசைப்படகுத் தொழிலாளர்கள் கடலில் இருந்ததால் வாக்களிக்க இயலவில்லை என்று அங்கே எழுதியிருந்தோம். "ஏப்ரல் 19 தடைக்காலம் ஆயிற்றே, விசைப்படகு எப்படிக் கடலுக்குப் போனது?" என்று கேட்டார். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சிறுபிள்ளைக்கும் தெரியும். எழுதும் வேகத்தில் அதை நாங்களே மறந்திருந்தோம். அந்த ஒரு வரியால் மீதிப் பதின்மூன்று கோரிக்கைகளையும் அவர் படிக்கவில்லை.

வீடு திரும்பி விசாரித்தபோது உண்மைக் காரணம் கிடைத்தது. படகு கரையேறிவிட்டால் பங்குக்கு வேலை செய்பவர் கையில் காசு இராது. மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூனில்தான் தொடங்குகிறது என்பதால், ஏப்ரல் நடுவிலேயே பலர் கேரளத் துறைமுகங்களுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2014இல் ஏப்ரல் 24, 2019இல் ஏப்ரல் 18, 2024இல் ஏப்ரல் 19 என்று மூன்று மக்களவைத் தேர்தல்களின் வாக்குப்பதிவும் தடைக்காலத்துக்குள்ளேயே விழுந்திருக்கின்றன. எங்கள் பழைய வரியை விட இது பல மடங்கு வலுவான வாதம். நாள்காட்டியைப் பார்க்கத் தெரிந்த எவரும் மறுக்க முடியாதது. ஆகவே மனு எழுத உட்காருமுன் ஆதாரத்தைத் தேடுங்கள். ஆதாரம் வேறு திசையில் போனால் கோரிக்கையையும் அதன் பின்னே போக விடுங்கள்.

சொந்த வாக்குச்சாவடியிலிருந்து தொடங்குதல்

தேடவேண்டிய முதல் ஆவணம் படிவம் 20. இது தொகுதியின் இறுதி முடிவுத் தாள். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகள் இதில் வரிசையாக இருக்கும். தமிழ்நாட்டுத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் சட்டமன்றத் தொகுதி வாரியாகக் கிடைக்கிறது. இராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் இராமநாதபுரம், பரமக்குடி, திருவாடானை, முதுகுளத்தூர் ஆகியவற்றோடு விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழியும் புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கியும் சேர்ந்திருப்பதால், ஆறு கோப்புகளையும் எடுத்தால்தான் கணக்கு நேராகும்.

2024 தாளைத் திறந்தால் பாடம் உடனே கண்ணில் படும். வென்ற நவாஸ்கனி பெற்றவை 5,09,664 வாக்குகள். இது பதிவானவற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அடுத்து வந்த முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் 3,42,882 பெற்றார். அவருடைய அதே பெயரில் வேறு சிலரும் சுயேச்சைகளாக நின்றார்கள் என்பதை ஊரே பேசியது. அவர்களுக்கு உங்கள் சாவடியில் விழுந்த வாக்குகளையும் அந்தந்த நெடுவரிசையில் பார்க்கலாம். 2015 முதல் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் படம் இடம்பெறுவது இத்தகைய குழப்பத்தைக் குறைக்கத்தான். அது போதுமா என்பதற்கு உங்கள் சாவடியின் எண்களே சாட்சி சொல்லும்.

அடுத்து, வாக்களிக்காதவர்களின் கணக்கு. அந்தத் தேர்தலுக்குப் பயன்பட்ட வாக்காளர் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிந்தைய பட்டியலை இதற்குப் பயன்படுத்தினால் எண்கள் ஒட்டாது. பென்சிலோடு வீடு வீடாகப் போங்கள். நாங்கள் பெயருக்கு எதிரே 'கே' என்றால் கேரளம், 'வெ' என்றால் வெளிநாடு, 'மா' என்றால் மணமாகியோ குடிபெயர்ந்தோ வேறூர் போனவர், 'இ' என்றால் இறந்தவர் என்று குறித்தோம். கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் காலையில் வீட்டில் இருக்கமாட்டார்கள் என்பதால் மாலையில் போவதே நல்லது. ஓட்டுப் போட்டீர்களா, போடவில்லையென்றால் ஏன் என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். யாருக்கு என்ற கேள்வியை ஒருபோதும் கேட்காதீர்கள்; சொல்ல வருகிறவரையும் சொல்லவிடாதீர்கள்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். பட்டியலில் 1,040 பேர், வாக்களித்தவர் 690, வராதவர் 350 என்று கொள்வோம். வராதவர்களில் இறந்தவர் 41, குடிபெயர்ந்தவர் 58 என்றால், அந்த 99ஐ முதலில் கழித்துவிட வேண்டும். அது பட்டியலின் குறை; பெயர் நீக்கத்துக்கான படிவம் 7, இடமாற்றத்துக்கான படிவம் 8 ஆகியவற்றால் தீரக்கூடியது. மீதி 251இல் கேரளத்திலும் பிற துறைமுகங்களிலும் இருந்தவர் 112, வளைகுடா நாடுகளில் இருந்தவர் 67, உடல்நலக் குறைவு, மனமின்மை முதலிய வேறு காரணங்கள் 72. இப்போது உங்கள் கையில் இருப்பது 112 என்ற எண். "எங்கள் பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை" என்ற புலம்பலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகிறவரும், அந்த எண்ணைப் பார்த்தால் ஒரு நிமிடம் நிற்பார்.

நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் பொருந்தாது. எனவே அவர்களின் கணக்கைத் தனியே எடுங்கள். சட்டமன்றத் தேர்தல் தடைக்காலத்துக்கு முன்பே வருவதும் உண்டு; 2021இல் ஏப்ரல் 6ஆம் தேதி வந்தது. அத்தகைய தேர்தலைப் பற்றி எழுதுவதானால், வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்திய நாளிலும் எத்தனை விசைப்படகுகளுக்கு மீன்பிடி டோக்கன் வழங்கப்பட்டது என்று மீன்வளத் துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒன்றும் வழங்கவில்லை என்று பதில் வந்தால், கடலில் இருந்தோம் என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

படிவம் 20 பற்றி ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். நமக்குக் கணக்குப் போட உதவும் அதே தாள், எந்த ஊர் எந்தப் பக்கம் நின்றது என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. ஒரே சாவடி உள்ள ஒரு குப்பத்தில் வாக்கின் இரகசியம் தனி மனிதருக்கு இருக்கிறது, ஊருக்கு இல்லை. கடலரிப்பைத் தடுக்கும் தூண்டில் வளைவு எந்த ஊருக்கு வரும், எந்த ஊருக்கு வராது என்ற பேச்சில் இந்தத் தாள் மேசைக்கு வருவதில்லை என்று சத்தியம் செய்ய யாரும் துணியமாட்டார்கள். பல இயந்திரங்களின் வாக்குகளைக் கலந்து எண்ணும் கூட்டுக்கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. எனக்கு இதில் இரு மனமுண்டு. கலந்து எண்ணினால் ஊர் பாதுகாப்பாக இருக்கும். ஆனால் சாவடி வாரியாகச் சரிபார்க்கும் வழி, பதிவான மொத்த வாக்குகளைக் காட்டி, வாக்குப்பதிவு முடிவில் முகவருக்குத் தரப்படும் படிவம் 17சி ஒன்றோடு நின்றுவிடும். உங்கள் குழு இதில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று முடிவு செய்த பிறகே மனுவில் எழுதுங்கள்.

யாரால் மாற்ற முடியும்

பெரும்பாலான மனுக்கள் இந்த இடத்தில்தான் தரைதட்டுகின்றன. ஆணையத்தால் ஆகக்கூடியதை நாடாளுமன்றத்திடமும், அரசியலமைப்பைத் திருத்தினால்தான் ஆகக்கூடியதை மாவட்ட ஆட்சியரிடமும் கேட்கிறோம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே, அதைச் செய்யும் அதிகாரம் எந்தச் சட்டத்தில் யாருக்கு இருக்கிறது என்று ஒரு வரி எழுத முடியாவிட்டால் அந்தக் கோரிக்கையைத் தள்ளிவையுங்கள்.

வெளியே போன தொழிலாளரின் வாக்குக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 60(சி) பிரிவின்படி, அரசைக் கலந்தாலோசித்துத் தேர்தல் ஆணையம் எந்த ஒரு வகுப்பினரையும் அஞ்சல் வாக்குக்கு உரியவர்களாக அறிவிக்கலாம். 2024இல் தேர்தல் செய்தி சேகரிக்கும் ஊடகத்தாருக்கும் அத்தியாவசியப் பணியாளர்களுக்கும் அப்படித்தான் வாய்ப்புக் கிடைத்தது. வாக்குப்பதிவுக்கு முன்பே திறக்கப்படும் அஞ்சல் வாக்கு மையத்தில் அவர்கள் வாக்களித்தார்கள். தடைக்காலத்தில் பிற மாநிலத்துக்குச் செல்லும் மீன்பிடித் தொழிலாளர்களையும் அந்த வகுப்பில் சேர்த்து, மையத்தை ஏப்ரல் 15க்கு முன் திறக்கக் கேட்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. எங்கள் இரண்டாம் மனு இந்த ஒன்றை மட்டுமே கேட்டது. அதே சட்டத்தின் 135பி பிரிவு வாக்குப்பதிவு நாளுக்குத் தரும் ஊதியத்துடன் கூடிய விடுப்பை நம்பாதீர்கள்: படகு உரிமையாளரான சம்மாட்டியிடம் பங்குக்குப் போகிறவருக்கு மாத ஊதியமும் இல்லை, நாள் கூலியும் இல்லை, பிடிபட்டதில் பங்குதான்.

வளைகுடாவில் இருப்பவர்களின் நிலை வேறு. படிவம் 6ஏ மூலம் பதிவு செய்துகொண்டாலும், கடவுச்சீட்டோடு நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். பதிலாள் மூலம் வாக்களிக்க வகைசெய்யும் மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர்கள் கேட்கவேண்டியது நாடாளுமன்றத்திடம். செலவு வரம்பும் அப்படித்தான்: மக்களவை வேட்பாளருக்கு நம் மாநிலத்தில் 95 இலட்சம் ரூபாய் என்ற உச்சவரம்பு 2022 முதல் உண்டு, கட்சிக்கு எந்த வரம்பும் இல்லை, அதை மாற்றச் சட்டத் திருத்தம் வேண்டும்.

மிகக் கடினமானது, இவர் எப்படி வென்றார் என்ற முதல் கேள்வி. அதிக வாக்குப் பெற்றவரே வெற்றி என்ற முறையில், 2014இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 44 விழுக்காடு பெற்ற அ.தி.மு.க. 39இல் 37 இடங்களை வென்றது. 23 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற தி.மு.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. 2024இல் தி.மு.க. கூட்டணி ஏறத்தாழ 47 விழுக்காட்டில் 39ஐயும் எடுத்தது. 20 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற அ.தி.மு.க.வுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் மனு கட்சி நோட்டீஸாகிவிடும், ஊரில் பாதிப் பேர் கையெழுத்திடமாட்டார்கள். 1999இல் சட்ட ஆணையத்தின் 170ஆவது அறிக்கை, இப்போதுள்ள தொகுதிகளோடு கூடுதலாகச் சில இடங்களைச் சேர்த்து, அவற்றைக் கட்சிப் பட்டியல் மூலம் விகிதாசாரமாக நிரப்பலாம் என்றது. புதிதாக ஒரு முறையைக் கண்டுபிடிப்பதை விட அதைச் சுட்டுவது மேல். மக்களவை உறுப்பினர்கள் தொகுதிகளிலிருந்து நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுவதாக அரசியலமைப்பின் 81ஆவது உறுப்பு கூறுவதால், இதற்கு அரசியலமைப்புத் திருத்தமே வேண்டும். எதிர்வாதத்தையும் மறைக்காதீர்கள்: அரசியல் நிர்ணய சபையில் இந்தக் கோரிக்கை எழுந்தபோது, எழுத்தறிவின் நிலையையும் நிலையான அரசு வேண்டியதையும் சொல்லி அம்பேத்கர் மறுத்தார். எழுத்தறிவைப் பற்றிய வாதம் இன்று வலுவிழந்துவிட்டது. நிலையான அரசைப் பற்றியதற்கு நீங்கள் பதில் எழுதியாக வேண்டும்.

எழுதுவதும் அனுப்புவதும்

தேர்தல் ஆணையத்துக்கான மனு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்: முதற்பத்தியில் கோரிக்கை, இரண்டாவதில் உங்கள் சாவடிக் கணக்கு, மூன்றாவதில் சட்டப்பிரிவு. ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானமாக்கி நகலை இணையுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் சபை கூடும். எங்கள் மாவட்டத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்தல் சீர்திருத்தம் கேட்கும் தீர்மானத்தைத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத சபையில் நிறைவேற்ற வேண்டியிருந்ததை என்னவென்று சொல்ல! இராமேஸ்வரம், கீழக்கரை போன்ற நகராட்சிகளில் கிராம சபை இல்லை என்பதால், மீனவர் சங்கம், ஜமாஅத், கத்தோலிக்கப் பங்கு ஆலயக் குழு ஆகியவற்றின் கடிதங்களைச் சேர்க்கலாம்.

மக்களவைக்கு மனு அனுப்புவதானால் விதிகள் கறாரானவை. தமிழில் எழுதலாம், ஆனால் ஆங்கிலம் அல்லது இந்தி மொழிபெயர்ப்பு உடன் வேண்டும். அதிலும் மனுதாரர் கையொப்பமிட வேண்டும். இணைப்புகள் கூடாது என்பதால் கணக்கு முழுவதையும் மனுவின் உடலிலேயே எழுதிவிட வேண்டும். அவையில் அளிப்பதற்கு உறுப்பினர் ஒருவரின் மேலொப்பம் தேவை. அதற்காக அவருடைய அலுவலகத்தில் காத்திருக்கும்போது, அவர் வென்ற முறையையே குறை சொல்லும் தாள் உங்கள் கையில் இருக்கிறது என்பதை நினைத்துச் சொற்களைத் தேர்ந்தெடுங்கள்.

விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, அதன் இரசீதைப் படிவம் 20 நகலோடு ஒரே கோப்பில் வையுங்கள். இரண்டு மாதத்தில் பதில் இல்லையென்றால், மனு எந்தக் கோப்பு எண்ணில், எந்த அலுவலரிடம் இருக்கிறது என்று பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தரவேண்டும். பதில் நிறைவாக இல்லாவிட்டால் அது கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதனால் பதில் வரும் உறையைக் கிழித்தெறியாமல், வந்து சேர்ந்த தேதியை அதன் மேலேயே எழுதிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.