எலிமென்டரில் தமிழ்த் தளம்: எதையும் இழுத்துப் போடுமுன் எழுத்தைச் சரிசெய்யுங்கள்

சித்தியின் சுங்குடிச் சேலைக் கடைக்குப் போன மாதம் ஒரு தளம் செய்து கொடுத்தேன். தளத்தை நடத்துவது வேர்ட்பிரஸ், அதன்மேல் பக்கங்களை இழுத்துப் போட்டு அமைக்க உதவும் எலிமென்டரின் இலவசப் பதிப்பு. ஒரு வரி நிரல் (code) கூட எழுதவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் பளிச்சென்று இருந்த டெம்ப்ளேட்டில் (ஆயத்தப் பக்க வடிவமைப்பில்) தமிழைப் போட்டதும் பக்கமே குலைந்துவிட்டது. 'எழுபது வண்ணங்களில் சுங்குடிச் சேலைகள்' என்ற தலைப்பு இரண்டு வரியாக மடிந்தது. மேல் வரியில் இருந்த 'ழு'வின் வால் கீழ் வரியில் 'ங்' தலைமேல் இருக்கும் புள்ளியில் போய் முட்டியது.

அதனால் முதல் வேலை, சைட் செட்டிங்ஸில் குளோபல் ஃபான்ட்ஸ், அதாவது தளம் முழுவதற்குமான எழுத்துருக்கள். அங்கே பிரைமரி, செகண்டரி, டெக்ஸ்ட், அக்சென்ட் என நான்கு இருக்கும். நான் தலைப்புக்கு முக்தா மலர், உரைக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்தேன். இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். லைன் ஹைட்டை (வரியின் உயரத்தை) 'இஎம்' (em) அலகில், அதாவது எழுத்தளவின் மடங்காக, தலைப்புக்கு 1.4, உரைக்கு 1.8 வையுங்கள். ஆங்கிலத் தலைப்புக்கு 1.1 போதும். தமிழில் 'கி', 'கூ' எல்லாம் மேலேயும் கீழேயும் இடம் கேட்கும். லெட்டர் ஸ்பேசிங்கை (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை) கட்டாயம் பூஜ்யமாக்குங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்காக டெம்ப்ளேட் செய்தவர் 2 பிக்சல் விட்டிருப்பார். தமிழில் அது சொல்லையே சிதறடித்துவிடும். தலைப்பு, படம், பட்டன் போல இழுத்துப் போடும் துண்டுதான் விட்ஜெட்; அதில் தனியாக ஏற்கெனவே ஃபான்ட் வைத்திருந்தால் குளோபல் மாற்றம் அதைத் தொடாது. அங்கே போய்க் குளோபலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது மொபைல். சித்தியின் வாடிக்கையாளர்கள் எல்லாரும் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். கணினிக் காட்சியில் செய்யும் மாற்றம் டேப்லெட்டுக்கும் மொபைலுக்கும் இறங்கும். மொபைல் காட்சிக்குப் போய்ச் செய்தால் மொபைலுக்கு மட்டும். கணினியில் 48 பிக்சல் இருந்த தலைப்பை அங்கே 26 ஆக்கினேன். மெனுவில் 'தொடர்புகொள்ளுங்கள்' இடம் கொள்ளவில்லை, 'தொடர்புக்கு' என்று சுருக்கினேன். 'சேலைகள்', 'விலை', 'கடை எங்கே?' என்று பேசுகிற சொல்லாக வைத்தாலே மெனு அடங்கிவிடும்.

விட்ஜெட்டுகளை உள்ளே வைக்கும் பெட்டிகளான கண்டெய்னர்களை இழுத்து அடுக்குவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்றுக்கு மேல் மட்டும் போகாதீர்கள்.

நோட்டீஸ் அடித்த அச்சகத்திலிருந்து வந்த வாசகத்தை ஒட்டினால் கிறுக்கலாக வருகிறதா? அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற எழுத்து மாற்றும் மென்பொருளில், இணையத்தில் புழங்கும் யூனிகோடாக மாற்றிவிட்டு ஒட்டுங்கள். படம் ஒவ்வொன்றும் 4 எம்பி இருந்தால் பக்கம் திறக்கவே நேரமாகும். 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற, கோப்பளவு குறைவான பட வடிவில் ஏற்றுங்கள். சேலையின் முடிச்சுப் புள்ளிகள் தெரிகிற ஒரு கிட்டப்படமாவது இருக்கட்டும். வாங்குகிறவர்கள் அதைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பார்கள்.

வாட்ஸ்ஆப் பட்டனுக்கான இணைப்பில் எண்ணுக்கு முன்னால் 91 மட்டும். கூட்டல் குறி, இடைவெளி, முன்பூஜ்யம் எதுவும் கூடாது. பப்ளிஷ் அழுத்தியபிறகு வைஃபையை அணைத்துவிட்டுக் கடைக்காரரின் கைப்பேசியிலேயே அந்தப் பட்டனைத் தொடச் சொல்லுங்கள். சித்தி தொட்டபோது வாட்ஸ்ஆப் திறந்தது, ஆனால் நான் போட்டிருந்தது சித்தப்பாவின் எண். அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன்.