கணக்கில் வராத வேலையைக் கணக்கில் கொண்டுவருவது எப்படி?

ஒரு பல்கலைக்கழகத் துறையில் கறுப்பினப் பெண் ஆசிரியர் ஒருவர் மட்டும் இருந்தால், எல்லாக் குழுவிலும் அவர் பெயர் ஏறிவிடும். தேர்வுக் குழுவில் பெண் வேண்டும், பன்மைத்துவக் குழுவில் கறுப்பினத்தவர் வேண்டும்; இரண்டுக்கும் அவரையே கூப்பிடுவார்கள். இந்தச் சுமைக்குப் 'பண்பாட்டு வரி' (cultural taxation) என்று 1994இல் அமெரிக்க உளவியலாளர் அமாடோ படியா பெயர் வைத்தார். பதவி உயர்வில் இதற்கு மதிப்பெண் கிடைப்பது அரிது.

முதலில் ஒரு செமஸ்டர் முழுக்கக் குறித்து வையுங்கள். தேதி, வேலை, கேட்டவர், பிடித்த நேரம், பணிச்சுமைப் பட்டியலில் அது இருக்கிறதா இல்லையா என ஐந்து கட்டங்கள் போதும். 15 நிமிடத்துக்கு மேல் பிடித்த எதையும் விடாதீர்கள். பலர் குழுக் கூட்டங்களை மட்டும் எழுதிவிட்டு, கதவைத் தட்டி வந்து அழுத மாணவியோடு உட்கார்ந்த முக்கால் மணி நேரத்தை விட்டுவிடுகிறார்கள். உண்மையான பாரம் அங்கேதான் இருக்கிறது. மாணவர் பெயர் மட்டும் வேண்டாம். வாரக் கடைசியிலேயே எழுதிவிடுங்கள். மாதம் கழித்து உட்கார்ந்தால் சின்ன வேலைகள் நினைவுக்கு வராது.

அடுத்த குழுவுக்கு அழைப்பு வரும்போது மொத்த மணி நேரத்தைத் துறைத் தலைவரிடம் காட்டி, "இதில் சேர்ந்தால் எந்தப் பொறுப்பைக் குறைப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு, தலைவர் மாறினால் காற்றோடு போய்விடும்.

துறைத் தலைவர்கள் செய்யும் பெரிய பிழை, யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்று காட்டும் அட்டவணையில் இருக்கிறது. பெண்களுக்கு ஒரு வரி, கறுப்பினத்தவருக்கு ஒரு வரி என்று பிரித்துவிடுவார்கள். உதாரணத்துக்கு, 100 பெண்களில் 40 பேருக்கும் கறுப்பினத்தவர் 30 பேரில் 11 பேருக்கும் பதவி உயர்வு கிடைத்திருந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. கறுப்பினப் பெண்கள் 10 பேரில் ஒருவருக்குத்தான் கிடைத்தது என்பது மூன்றாவது வரி போட்டால்தான் தெரியும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனம் மீது கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கில், அந்த நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது என்று சொல்லிப் பாலினப் புகாரை 1976இல் நீதிமன்றம் தள்ளியது. இனமும் பாலினமும் சேர்ந்த புகாரைத் தனியாக ஏற்கவில்லை. சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரை இந்த ஓட்டையைத்தான் சுட்டியது.

எண்ணிக்கை சின்னதாக இருந்தால் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்ற கவலை நியாயமானது. அதற்காக எல்லாச் சிறுபான்மையினரையும் ஒரே வரியில் கொட்டாதீர்கள். ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துக் காட்டுங்கள். அப்போதும் ஒருவரோ இருவரோதான் என்றால், அவர்களிடம் கேட்டுவிட்டு வெளியிடுங்கள்.