குறைந்த எண்ணிக்கையில் வெளிவந்த பழைய க்ரூஸர் பைக்கை விற்பது எப்படி?

உங்களிடம் இருக்கும் க்ரூஸர் உண்மையிலேயே குறைந்த எண்ணிக்கையில் தயாரானதுதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். டேங்கில் உள்ள சின்னம் மட்டும் அதற்குச் சான்றாகாது. 1903-இல் தொடங்கிய ஹார்லி-டேவிட்சன் நிறுவனம், தன் நூற்றாண்டையொட்டி 2003 மாடல் வண்டிகள் அனைத்திலும் நூற்றாண்டுச் சின்னத்தைப் பொறித்தது. ஆகவே அந்தச் சின்னத்தைக் காட்டி அரிய வண்டி என்று விலை சொன்னால், விவரம் அறிந்தவர் உங்களுடைய மற்ற சொற்களையும் நம்பத் தயங்குவார். அதே ஆண்டில் வெள்ளியும் கறுப்புமாக வந்த சிறப்பு வண்ண வண்டி என்றால், அதைத் தனியே எடுத்துச் சொல்லலாம்.

அடுத்து எண்களைச் சரிபாருங்கள். 1981 மாடலிலிருந்து ஹார்லி வண்டிகளின் அடையாள எண் 17 குறிகளைக் கொண்டது. அமெரிக்கச் சந்தைக்கு வந்தவற்றில் பத்தாவது குறி மாடல் ஆண்டைச் சொல்லும், 2003 என்றால் அது 3. 1970-க்கு முந்தைய ஹார்லிகளில் பதிவுக்குரிய எண் எஞ்சினில்தான் இருக்கும் என்பதால், சேஸிஸ் எண்ணைத் தேடிக் குழம்பும் வாடிக்கையாளருக்கு இதைப் பொறுமையாக விளக்குங்கள்.

விற்பதற்காக டேங்கிற்குப் புதிதாக வண்ணம் அடிப்பதுதான், என் கருத்தில், விற்பவர் செய்யும் மிகப் பெரிய தவறு. தொழிற்சாலையில் பூசிய வண்ணம் சற்றே மங்கியிருந்தாலும், அந்தப் பதிப்பை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அதுதான். அதை அழித்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. கழுவி, குரோம் பாகங்களைத் துடைத்து, அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். முன்பு எப்போதோ சைலன்சரையோ இருக்கையையோ ஹேண்டில்பாரையோ மாற்றியிருந்தால், கழற்றி வைத்த பழைய பாகங்களைத் தேடியெடுத்து வண்டியோடு சேர்த்துக் கொடுங்கள், ஏனெனில் சேகரிப்பாளர்கள் பலர் அவற்றுக்காகவே கூடுதல் விலை தரத் தயாராக இருப்பார்கள்.

நெடுநாள் நின்ற வண்டியென்றால் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு கார்புரேட்டரைச் சுத்தம் செய்யுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரான வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். வாங்க வருபவர் அதைப் படிப்பதற்கு முன் நீங்கள் படித்துவிடுங்கள். 1999 மாடலில் அறிமுகமான ஹார்லியின் ட்வின் கேம் எஞ்சினின் தொடக்க ஆண்டு வண்டிகளில், எஞ்சினுக்குள் ஓடும் கேம் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் தேய்மானம் எல்லோரும் அறிந்த குறை. அதை மாற்றிய ரசீது இருந்தால் விளம்பரத்திலேயே குறிப்பிடுங்கள். இல்லையென்றால் மெக்கானிக்கிடம் திறந்து பார்க்கச் சொல்லி, அதன் நிலையை அப்படியே தெரிவியுங்கள்.

விலையைத் தீர்மானிக்க, மற்றவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காமல், ஏலங்களில் அதே மாடல் உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள். கீறல், துரு, பள்ளம் ஆகியவற்றை அருகில் நின்று படமெடுத்துப் போடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதல் முறையிலேயே கிளம்புவதைக் காட்டும் காணொளி நம்பிக்கை தரும். வருபவர் தொட்டுப் பார்ப்பார் என்பதால், அவர் வருமுன் சூடாக்கி வைக்காதீர்கள்.

ஓட்டிப் பார்க்கக் கேட்பவரிடம் உரிமத்தைச் சரிபார்த்து, முழுத் தொகையையும் வாங்கி வைத்துக்கொண்ட பிறகே சாவியைக் கொடுங்கள். விற்பனை முடிந்ததும் உரிமை மாற்றத்தை உரிய அலுவலகத்தில் உடனே பதிவு செய்யுங்கள், இல்லையேல் புதியவர் செய்யும் விதிமீறலுக்கான அபராதம் உங்கள் பெயருக்கு வரக்கூடும். மாற்றுச் சாவி, கையேடு, சர்வீஸ் ரசீதுகள், முதல் விற்பனைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, பணம் கணக்கில் வந்து சேர்ந்ததை உறுதி செய்த பின் கையில் கொடுங்கள்.