அரைநிழல் மூலைக்குக் கனகாம்பரம்

முதலில் செடி வைக்கப்போகும் மூலையில் நேர்வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது என்று பாருங்கள். 3 முதல் 6 மணி நேரம் என்றால் அரைநிழல். என் மூலையில் ரோஜா நெடுநெடுவென வளர்ந்ததே தவிர மொட்டு வைக்கவில்லை. கனகாம்பரத்துக்கு மாற்றியதும் கதிர் கதிராகப் பூத்தது. காலை வெயில்தான் அதற்கு உகந்தது, உச்சிவெயில் இலையைக் கருக்கும்.

மண் கலவைக்கு 2 பங்கு தோட்டமண், 1 பங்கு மட்கிய எரு, 1 பங்கு மணல். நிழலில் மண் மெதுவாகவே காயும். விரலை ஒரு அங்குலம் விட்டு, ஈரம் தட்டாவிட்டால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரம் இருக்கும்போதே ஊற்றினால் வேர் அழுகிவிடும். பூத்து முடிந்த கதிரைக் காம்போடு கிள்ளுங்கள், விதை பிடிக்க விட்டால் அடுத்த கதிர் தாமதமாகும். தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் வெறும் இலைதான், பூ வராது. இலை வெளுத்து வேரில் முடிச்சு தெரிந்தால், அது வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு. அந்தச் செடியை மண்ணோடு அகற்றிவிடுங்கள்.

நேர்வெயிலே படாத வெளிச்சமான இடமா? வெள்ளைப் பூ பூக்கும் பீஸ் லில்லி செடியை வையுங்கள்.