2018 என்எஃப்எல் டிராஃப்டை இன்று மறுமதிப்பீடு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், கல்லூரி முடித்து வரும் ஆட்டக்காரர்களை 32 அணிகளும் முறைவைத்து எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். ஏலம் கிடையாது. போன சீசனில் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. தன் முறைக்கு முன்னால் போக ஆசைப்படும் அணி, கையில் உள்ள தேர்வு எண்களை (எத்தனையாவதாக எடுக்கலாம் என்ற உரிமைகளை) விலையாகக் கொடுத்து இடம் மாற்றிக்கொள்ளலாம். இதுதான் டிரேடு.

2018 ஏப்ரல் 26 முதல் 28 வரை டெக்சஸ் மாநிலம் ஆர்லிங்டனில் நடந்த டிராஃப்டில் 256 பேர் எடுக்கப்பட்டார்கள். முதல் சுற்றிலேயே 5 குவார்ட்டர்பேக்குகள் (பாஸ் எறிந்து தாக்குதலை நடத்துபவர்கள்) போனார்கள்: பேக்கர் மேஃபீல்ட் (1, பிரவுன்ஸ்), சாம் டார்னால்ட் (3, ஜெட்ஸ்), ஜாஷ் ஆலன் (7, பில்ஸ்), ஜாஷ் ரோசன் (10, கார்டினல்ஸ்), லமார் ஜாக்சன் (32, ரேவன்ஸ்). இதில் ஜாக்சன் 2019, 2023 சீசன்களிலும் ஆலன் 2024 சீசனிலும் எம்விபி (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது வாங்கினார்கள். மறுமதிப்பீடு செய்பவர்கள் பெரும்பாலும் இந்த டிராஃப்டைத்தான் முதலில் கையிலெடுக்கிறார்கள், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஆட்டக்காரரை மதிப்பிடுவது ஒரு வேலை, அவரை எடுத்த முடிவை மதிப்பிடுவது வேறு வேலை. இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு எந்தக் கணக்கும் நேராகாது.

"ஜாக்சனை 31 முறை தவறவிட்டார்கள்" என்று எழுதுவதைப் பாருங்கள். அவரை எடுத்த ரேவன்ஸ் கையிலேயே முதலில் 16ஆம் எண் இருந்தது. அதை பில்ஸிடம் கொடுத்து 22க்கு இறங்கினார்கள். அங்கிருந்து 25க்கு இறங்கினார்கள். 25இல் ஹேடன் ஹர்ஸ்ட் என்ற டைட் எண்டை (எதிரணியைத் தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவரை) எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஈகிள்ஸிடமிருந்து 32ஆம் எண்ணை வாங்கி ஜாக்சனை எடுத்தார்கள். அவர் இரண்டு முறை எம்விபி ஆவார் என்று உறுதியாக நம்பிய அணி, மூன்று வாய்ப்பில் அவரைக் கைநழுவ விட்டிருக்காது. பாராட்ட வேண்டியது அவர்களுடைய தீர்க்கதரிசனத்தை அல்ல. குறைந்த விலையில் ஒரு வாய்ப்பை வாங்கியதையும், பிறகு அவருக்கேற்பத் தாக்குதல் ஆட்டத்தையே மாற்றி அமைத்ததையும்தான்.

அதேபோல பேட்ரியாட்ஸ் 23, 31 ஆகிய எண்களில் ஐசையா வின்னையும் சோனி மிஷெலையும் எடுத்ததை இன்று பலர் குறை சொல்கிறார்கள். அந்த சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை பேட்ரியாட்ஸ் 13-3 என்று வென்றபோது ஆட்டத்தில் விழுந்த ஒரே டச்டவுன் (பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) மிஷெலுடையது. அதனால் அவரை எடுத்ததே சரி என்று சொல்ல வரவில்லை. அந்த டச்டவுனைக் கணக்கில் சேர்க்காத மறுமதிப்பீடு பாதிக் கணக்குதான்.

விலையைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். தேர்வு எண்களை ஒப்பிட 1990களின் தொடக்கத்தில் டாலஸ் கவ்பாய்ஸ் உருவாக்கிய புள்ளி அட்டவணை ஒன்று உண்டு. 1ஆம் எண்ணுக்கு 3000 புள்ளி, 32ஆம் எண்ணுக்கு 590. முன்வரிசை எண்களுக்கு அது கூடுதல் மதிப்பு தருகிறது என்பது உண்மைதான், பல அணிகள் இன்று வேறு அட்டவணைகளை வைத்திருக்கின்றன. ஆனாலும் ஒரே அளவுகோலால் எல்லா டிரேடையும் அளக்க அது போதும்.

ஜெட்ஸ் 3ஆம் எண்ணுக்காக (2200) கோல்ட்ஸுக்குக் கொடுத்தது 6 (1600), 37 (530), 49 (410), கூடவே 2019இன் இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்று. முதல் மூன்றைக் கூட்டினாலே 2540. அதாவது 340 புள்ளியும் அடுத்த ஆண்டுத் தேர்வும் அதிகம். பில்ஸ் 7ஆம் எண்ணுக்காக (1500) பக்கனீர்ஸுக்குக் கொடுத்தது 12 (1200), 53 (370), 56 (340). மொத்தம் 1910, 410 புள்ளி அதிகம். கார்டினல்ஸ் 10ஆம் எண்ணுக்காக (1300) ரெய்டர்ஸுக்குக் கொடுத்தது 15 (1050), 79 (195), ஐந்தாம் சுற்றில் 152. ஏறக்குறைய சரிவிலை.

இப்போது விளைவைப் பக்கத்தில் வையுங்கள். அதிக விலை கொடுத்த இருவரில் ஒருவருக்கு எம்விபி கிடைத்தார், இன்னொருவர் மூன்றே சீசனில் தன் ஆட்டக்காரரை விற்றார். சரியான விலை கொடுத்த கார்டினல்ஸ் ஒரே ஆண்டில் ரோசனை அனுப்பிவிட்டார்கள். விலைக்கணக்கு சரியாக இருந்தும் தேர்வு தோற்கலாம், தவறாக இருந்தும் ஜெயிக்கலாம். எனவே இரண்டு பத்தி போட்டு எழுதுங்கள்: அன்று கொடுத்த விலை நியாயமா என்று ஒன்று, கிடைத்தது என்ன என்று இன்னொன்று. இரண்டையும் சேர்த்து ஒரே 'ஏ', 'பி', 'சி' மதிப்பெண் போட்டுவிட்டால் பில்ஸ் அன்று எடுத்த ஆபத்து கண்ணில் படவே படாது.

அடுத்த ஆண்டுத் தேர்வை எப்படி எண்ணுவது என்று கேட்கலாம். ஒரு சுற்று தள்ளி மதிப்பிடுவது வழக்கம்: 2019இன் இரண்டாம் சுற்றை 2018இன் மூன்றாம் சுற்றாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அது எந்த எண்ணில் போய் விழுந்தது என்று இன்று தெரியும் என்பதற்காக அந்த எண்ணை எடுத்துப் போடக் கூடாது. டிரேடு செய்த அன்று அது யாருக்கும் தெரியாது.

இரட்டைக் கணக்கு

டிரேடின் வால் நீளமானது. ஜெட்ஸிடமிருந்து வந்த 6இல் கோல்ட்ஸ் குவென்டன் நெல்சனை எடுத்தார்கள், 37இல் பிரேடன் ஸ்மித்தை. 49ஐ மட்டும் ஈகிள்ஸிடம் கொடுத்து 52ஐயும் ஐந்தாம் சுற்றில் ஒன்றையும் வாங்கினார்கள். அந்த 49இல்தான் ஈகிள்ஸ் டாலஸ் கோடர்ட்டை எடுத்தது. கோல்ட்ஸின் வரவில் 49, 52 இரண்டையும் எழுதினால் ஒரே பொருளை இரண்டு முறை எண்ணியதாகும். டிரேடில் கைமாறிய எண்ணின் மதிப்பை ஒரு முறை எழுதுங்கள், இல்லையென்றால் அந்த எண் கடைசியில் யாராக ஆனதோ அவரை எழுதுங்கள். இரண்டில் ஒன்றுதான்.

ஈகிள்ஸ் 32ஐ விற்றதும் இப்படித்தான் தப்பாகப் படிக்கப்படுகிறது. ரேவன்ஸிடமிருந்து அவர்களுக்கு 52, 125, 2019இன் இரண்டாம் சுற்று ஆகியவை வந்தன; 32உடன் 132ஐயும் கொடுத்தார்கள். 52 கோடர்ட்டை வாங்க உதவியது. 125 அவான்டே மேடக்ஸ் ஆனது, அடுத்த ஆண்டுத் தேர்வு மைல்ஸ் சாண்டர்ஸ் ஆனது. மூவரும் 2022 சீசனில் சூப்பர் பவுல் வரை போன ஈகிள்ஸ் அணியில் இருந்தவர்கள். அன்று ஈகிள்ஸிடம் கார்சன் வென்ட்ஸ் என்ற இளம் குவார்ட்டர்பேக் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் 'ஜாக்சனை விற்ற அணி' என்ற ஒரு வரி நியாயமாகாது.

எந்தச் சட்டையில் ஆடியது?

சேக்வான் பார்க்லியை ஜயண்ட்ஸ் 2ஆம் எண்ணில் எடுத்தது. 2018இல் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் விருது. 2020இல் இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. ஆறு சீசனில் ஜயண்ட்ஸ் ஒரே ஒரு முறைதான் பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக்அவுட் ஆட்டங்கள்) போனது. 2024 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்து ஈகிள்ஸுக்குப் போனார். அங்கே முதல் சீசனிலேயே 2005 யார்டு ஓடி, சூப்பர் பவுலும் வென்றார். அந்த 2005 யார்டை ஜயண்ட்ஸின் வரவில் எழுதிவிட்டு "2ஆம் எண் வீண் போகவில்லை" என்பவர்கள் நிறையப் பேர். ஜயண்ட்ஸுக்கு அதில் ஒரு யார்டும் சேராது. டார்னால்டும் அப்படியே. ஜெட்ஸில் தொடங்கிய ஆட்டங்களில் 13 வெற்றி, 25 தோல்வி. 2024இல் வைக்கிங்ஸுடன் 14 வெற்றி, 3 தோல்வி. ஜெட்ஸின் கணக்கில் வர வேண்டியது முதல் வரியும், 2021இல் அவரை பாந்தர்ஸுக்கு விற்றதில் கிடைத்த இரண்டாம், நான்காம், ஆறாம் சுற்றுத் தேர்வுகளும்தான்.

ஆகவே ஒவ்வொரு தேர்வுக்கும் எடுத்த அணியில் இருந்த ஆண்டுகள், எப்படி வெளியேறினார், போகும்போது அணிக்கு என்ன கிடைத்தது என்ற மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். வெளியே போன பிறகு நடந்தவற்றைக் கோட்டுக்குக் கீழே எழுதுங்கள். அது ஆட்டக்காரரைப் பற்றிய கணிப்பு சரியா என்று பார்க்கப் பயன்படும்; அணியின் லாபத்தில் சேராது.

தேதி போடாத தீர்ப்பு

மூன்று ஆண்டு போனால் டிராஃப்டைத் தீர்மானிக்கலாம் என்று ஒரு பேச்சு உண்டு. 2021 தொடக்கத்தில் பார்த்திருந்தால் மேஃபீல்ட் பிரவுன்ஸை 11 வெற்றி, 5 தோல்வி என்ற நிலைக்குக் கொண்டுபோய், பிளேஆஃபில் ஸ்டீலர்ஸையும் வீழ்த்தியிருந்தார். சரியான முதல் தேர்வு என்றே எழுதியிருப்போம். 2022இல் பாந்தர்ஸுக்குப் போய், அந்த சீசன் முடியும் முன்பே விடுவிக்கப்பட்டார். தப்பான தேர்வு. 2024இல் பக்கனீர்ஸில் 41 டச்டவுன் பாஸ். மறுபடி நல்ல ஆட்டக்காரர்! ஆலனின் பாஸ் வெற்றி விகிதமோ 2018இல் 52.8 சதவீதம், 2019இல் 58.8, 2020இல் 69.2. இரண்டாம் ஆண்டோடு நிறுத்தியவர் ஒரு தீர்ப்பும் மூன்றாம் ஆண்டு வரை பார்த்தவர் வேறு தீர்ப்பும் எழுதியிருப்பார்.

முதல் சுற்று ஆட்டக்காரருக்கு 4 ஆண்டு ஒப்பந்தம், அதற்கு மேல் அணி விரும்பினால் 5ஆம் ஆண்டு. பொருத்தமான வெட்டுப்புள்ளி இந்த 5ஆம் ஆண்டுதான். மற்ற சுற்றுகளுக்கு 4ஆம் ஆண்டு. 32ஆம் எண்ணுக்கும் 33ஆம் எண்ணுக்கும் அட்டவணையில் 10 புள்ளிதான் வித்தியாசம், ஆனால் 5ஆம் ஆண்டு உரிமை 32உடன் முடிந்துவிடுகிறது. ஜாக்சன் 2022இல் ஆடியது அந்த உரிமையில்தான். இதைக் கணக்கில் எடுக்காத மறுமதிப்பீடு, ரேவன்ஸ் ஏன் முதல் சுற்று முடியும் முன் அவசரப்பட்டது என்பதை விளக்கவே முடியாது.

வேறு காலத்து டிராஃப்ட்களோடு ஒப்பிடும்போதும் ஒப்பந்தத்தைப் பாருங்கள். 2010இல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். அடுத்த ஆண்டே புதுமுகச் சம்பள வரம்பு வந்தது. 2011இன் முதல் தேர்வு கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்கு சுமார் 2.2 கோடி. 2011க்கு முன்பு முதல் எண்ணில் தவறினால் அணியின் கஜானாவும் சேர்ந்து அடிவாங்கியது.

அணியின் பங்கை மறப்பது

ரோசன் ஆடிய 2018 சீசனில் கார்டினல்ஸ் 3 வெற்றி, 13 தோல்வி. தாக்குதல் பயிற்சியாளர் நடு சீசனிலேயே நீக்கப்பட்டார், தலைமைப் பயிற்சியாளர் சீசன் முடிந்ததும். புதிய பயிற்சியாளருக்கு 2019இன் முதல் தேர்வில் கைலர் மரே வந்தார். இந்தச் சூழலில் வேறு யாராவது தேறியிருப்பார்களா என்பதற்கு விடை கிடையாது. "ஜெட்ஸ் ஆலனை எடுத்திருந்தால்" என்று எழுதுபவர், 2020இல் பில்ஸ் டிரேடில் வாங்கித் தந்த, பாஸ் பிடிக்கும் ஆட்டக்காரர் ஸ்டெஃபான் டிக்ஸையும் ஆலனின் பயிற்சியாளர்களையும் சேர்த்து ஜெட்ஸுக்கு மாற்றிவிடுகிறார். அப்படி மாற்ற முடியாது.

எதிர்ப்பக்க உதாரணம் ஜோர்டன் மைலாட்டா. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர், அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் ஒன்றுகூட ஆடாதவர். 233ஆம் எண்ணில் ஈகிள்ஸ் எடுத்தது. களத்தில் தொடக்க வீரராக இறங்கியது மூன்றாவது சீசனில். அந்த இரண்டு ஆண்டுப் பயிற்சிக்கான பெருமை தேர்வாளர்களுக்கு மட்டும் போகக் கூடாது.

அளவுகோல்கள்

புரோ பவுல் (சீசனின் நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கான தேர்வு) எண்ணிக்கையை நம்பாதீர்கள். காயம்பட்டவருக்கும் வர மறுப்பவருக்கும் பதிலாக அடுத்தடுத்தவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். 2022 சீசனில் 4 ஆட்டம் மட்டுமே தொடங்கிய ரேவன்ஸ் மாற்று குவார்ட்டர்பேக் டைலர் ஹன்ட்லிகூட அப்படி உள்ளே வந்தார். '1000 யார்டு சீசன்கள்' என்ற எண்ணும் ஏமாற்றும்: 35ஆம் எண்ணில் வந்த நிக் சப் 2018இல் ஓடியது 996 யார்டு.

தேர்வை அதே இடத்தின் வழக்கத்தோடு ஒப்பிடுவதே உருப்படியான வழி. 35ஆம் எண் என்றால் முந்தைய 10 டிராஃப்ட்களில் 30 முதல் 40 வரை போனவர்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொருவரும் எடுத்த அணிக்காக முதல் 4 ஆண்டில் எத்தனை ஆட்டம் தொடங்கினார் என்று எழுதி, நடுவில் வரும் எண்ணை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு நட்சத்திரம் அதை இழுத்துவிடும். 7ஆம் சுற்றுக்கு இதைச் செய்து பார்த்தால் அணியில் நிலைத்தாலே வெற்றி என்பது புரியும்.

மறுடிராஃப்ட் விளையாட்டு

இன்றைய தரவரிசைப்படி 32 பெயரை மறுபடி அடுக்குபவர்கள் அணியின் தேவையை விட்டுவிடுகிறார்கள். அன்று பேக்கர்ஸிடம் ஆரன் ராட்ஜர்ஸ், ஃபால்கன்ஸிடம் மாட் ரயன், ஸ்டீலர்ஸிடம் பென் ராத்லிஸ்பெர்கர் என்று ஏற்கெனவே குவார்ட்டர்பேக்குகள் இருந்தார்கள். இன்னொன்று: டிரேடுகள் நடந்த தேதி. ஜெட்ஸ்-கோல்ட்ஸ் டிரேடு மார்ச் 17இல் முடிந்தது. பிரவுன்ஸ் முதலில் யாரை எடுத்தாலும் அது நிற்கும். பில்ஸ், கார்டினல்ஸ், ரேவன்ஸ் டிரேடுகள் டிராஃப்ட் இரவில், யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று பார்த்துச் செய்தவை. முதல் எண்ணில் ஆலன் பெயரை எழுதிவிட்டால் 12இலிருந்து 7க்கு ஏற பில்ஸுக்கு இருந்த முதல் காரணமே போய்விடும். அவர்களை 12இல் விட்டுவிட்டு, 53, 56 இரண்டையும் திருப்பிக் கொடுத்து, பக்கனீர்ஸை 7க்குக் கொண்டுவந்து மறுபடி அடுக்க வேண்டும். எடுக்கப்படாமலே போன ஜே.சி. ஜாக்சன், ஃபிலிப் லின்ட்ஸே போன்றவர்களுக்கும் அந்தப் பட்டியலில் இடம் வைக்க வேண்டும்.