திருமலைக்குப் போனால் சிலாதோரணத்தையும் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குச் சென்னை வரும் நாம் திருப்பதிக்கு எப்படியும் ஒரு நாள் ஒதுக்கிவிடுகிறோம். தரிசனம், லட்டு, அன்றிரவே திரும்பல். அந்த நாளில் ஒரு மணி நேரத்தைச் சிலாதோரணம் என்ற இயற்கைக் கல் வளைவுக்குக் கொடுங்கள். பெருமாள் கோயிலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான், சக்கர தீர்த்தத்துக்குப் பக்கம்.

திருத்தணி தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததுமே பிள்ளைகளின் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு மலைகளைக் காட்டுங்கள். நகரி பக்கத்து மலைகளில் உச்சியை ஒட்டிச் செங்குத்தான பாறைச் சுவர் ஓடும். புவியியலாளர்கள் இதை நகரி குவார்ட்சைட் என்கிறார்கள். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் படிந்த மணல், இறுகிப் பாறையானது. திருமலை மலைப்பாதையின் சரிவுகளில் இதே பாறை அதைவிடப் பழைய கிரானைட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் 80 கோடி ஆண்டு இடைவெளி என்பது அவர்கள் கணக்கு. அங்கே வண்டியை நிறுத்த முடியாது. மலை ஏறும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

சிலாதோரணம் சின்ன இடம். வளைவின் அகலம் 8 மீட்டர், உயரம் 3 மீட்டர் அளவுதான். பெரிய மலைக்குகையை எதிர்பார்த்து வருபவர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் நின்று பாருங்கள். இரண்டு பாறைத் திரள்கள். நடுவே மெல்லிய கல் இணைப்பு. பாறையின் அடுக்குகள் வரி வரியாகத் தெரியும். மென்மையான பகுதியை மழையும் ஓடைநீரும் அரித்துத் தின்ன, உறுதியானது தோரணமாக நின்றுவிட்டது. பக்தர்கள் இதில் சங்கு, சக்கரம், நாகம் காண்கிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. வேலி தாண்டி ஏறாதீர்கள்.

தரிசன வரிசைக்கு முன், காலையிலேயே போய்விடுவது நல்லது. வரிசையில் நின்று களைத்த பிறகு யாருக்கும் கல்லைப் பார்க்கத் தெம்பிருக்காது. மேலே ஜீப்புகள் கிடைக்கும். "அண்ணா, சிலாதோரணம், ஆகாச கங்கை, பாபவிநாசம் மூணுக்கும் சேர்த்து எவ்வளவு?" என்று தமிழிலேயே கேளுங்கள், ஏறும் முன்பே பேசி முடியுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். மது, புகையிலை, இறைச்சி எதுவும் மலையடிவாரத்து அலிபிரி சோதனையைத் தாண்டாது. அறை எடுப்பதாக இருந்தால் அசல் பாஸ்போர்ட் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மலைப்பாதையில் பாறை சரிவதுண்டு. கிளம்பும் முன் விசாரியுங்கள்.

இன்னொன்று: இந்தக் காடு செம்மரக் காடு. யாராவது செம்மரப் பொம்மை, கட்டை என்று நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் பெரிய வழக்கில் போய் முடியும்.