கையால் சாயமிட்ட லினன் வாங்குவது எப்படி: நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

துணியின் இழைகளை எண்ணிப் பெருக்கல் குறி வடிவத் தையல்களால் படம் போடும் கிராஸ் ஸ்டிச்சில் இறங்கிய யாரும் கையால் சாயமிட்ட லினனைப் பார்த்தவுடன் மயங்குவது நிறத்தில்தான். மேகம் படிந்தாற்போல் ஓரிடம் வெளுத்தும் ஓரிடம் அடர்ந்தும் இருக்கிற அந்தச் சாம்பலும் நீலமும் படத்திலேயே ஆளை இழுத்துவிடும். நான் நிறத்துக்குக் கடைசியில்தான் வருவேன். பிடித்துப்போன நிறம் நமக்கு வேண்டிய கவுண்டில், அதாவது இழை நெருக்கத்தில், இல்லாவிட்டால் மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கும். அப்புறம் வேண்டாத துணியை வாங்குவோம்.

முதலில் கவுண்ட். ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்பதுதான் அது. லினனில் வழக்கமாக இரண்டு இழைக்கு ஒரு தையல் போடுவதால், 32 கவுண்டில் அங்குலத்துக்கு 16 தையல் வரும். கட்டம் கட்டமாக நெய்த, ஒரு கட்டத்துக்கு ஒரு தையல் போடும் ஐடா துணியில் 14 கவுண்டில் பழகியவர்களுக்கு 28 கவுண்ட் லினன் சரியாக இருக்கும், தையலின் அளவு மாறாது. 40 கவுண்ட் அழகுதான், ஆனால் நல்ல விளக்கும் பூதக்கண்ணாடியும் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம். ஜெர்மனியின் ஸ்வைகார்ட் நிறுவனத்தின் லினன் துணிகளுக்குக் கவுண்டுக்கு ஒரு பெயர் உண்டு: 28 கேஷல், 32 பெல்ஃபாஸ்ட், 36 எடின்பரோ, 40 நியூகாசில். சாயமிடுபவர்கள் பலர் இந்தப் பெயர்களையே குறிப்பிடுவார்கள். லுகானா என்று போட்டிருந்தால் அது லினன் அல்ல, பருத்தியும் ரேயானும் கலந்தது. இழை சீராக இருக்கும், புதிதாகத் தொடங்குபவருக்கு நல்லதும்கூட. ஆனால் லினன் என்று நினைத்து வாங்காதீர்கள்.

அடுத்து அளவு. இங்கேதான் காசு மிச்சமாகும். 120க்கு 160 தையல் உள்ள ஒரு படம் என்று வைத்துக்கொள்வோம். 32 கவுண்டில் 120ஐ 16ஆல் வகுத்தால் 7.5 அங்குலம், 160ஐ வகுத்தால் 10. சட்டம் போட நான்கு பக்கமும் மூன்று அங்குலம் விடுவேன்; ஆக 13.5க்கு 16. ‘ஃபேட் எய்த்’ என்று விற்கிற துண்டு ஏறக்குறைய 13க்கு 18தான். அரை அங்குலம் போதாமல், 18க்கு 27 வரும் ‘ஃபேட் குவார்ட்டர்’ வாங்க வேண்டியிருக்கும். அதே படத்தை 36 கவுண்டில் போட்டால் 12.7க்கு 14.9, சிறிய துண்டே போதும். கணக்கு போட்டுப் பார்க்காமல் பெரிய துண்டை வாங்கி அலமாரியில் மடித்து வைக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இப்போது நிறம். திரையில் தெரிவதை நம்பாதீர்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். உங்கள் நூல்களில் துணியின் நிறத்துக்கு மிக நெருக்கமானது எது என்று தேடுங்கள், அது மறைந்துவிடும். வெளிர் மஞ்சள் துணியில் எக்ரு எனும் மங்கிய வெண்மை நூலால் முயல் போட்டால் முயல் இருக்காது. வெறுமையாக விடும் இடம் அதிகமுள்ள படத்துக்கு மென்மையான திட்டுகளே போதும். முகத்துக்கு அருகில் அடர்ந்த திட்டு வந்தால் கறை பட்டதுபோலத் தெரியும். ஜோடிப் படங்கள் போடப் போகிறீர்களானால் இரண்டுக்கும் வேண்டியதை ஒரே தடவையில் வாங்குங்கள், அதே பெயரில் அடுத்த முறை வரும் சாயம் வேறாக இருக்கலாம்.

ஆர்டர் செய்யும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். துணி தயாராக இருக்கிறதா, இனிமேல்தான் சாயமிடப் போகிறார்களா? வெட்டிய துண்டைத் திருப்பி எடுப்பார்களா? இனிமேல்தான் என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவையும் சுங்க வரியையும் துணி விலையோடு கூட்டிப் பாருங்கள்.

துணி வந்ததும் ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியால் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டுகிறதா என்று. அங்கங்கே தடித்த இழை இருந்தால் பதற வேண்டாம், லினனின் இயல்பு அது. ஓட்டையோ மடிப்பில் நேர்கோடாகச் சாயமோ இருந்தால் உடனே படம் எடுத்து அனுப்புங்கள், துணியை வெட்டுவதற்கு முன்பே.